பழைய ஒயரை மாட்டாதே

பிப்ரவரி 4

அக்கா,

உன் குரலை இனிமேல் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உன் கையெழுத்தைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே சபதம் அப்படியே இருக்கிறது. உன் எண்ணைத் தடையில் போட்டது போட்டபடிதான். இதைப் படித்துவிட்டு ஆபீஸ் போனிலிருந்து, பக்கத்து வீட்டு போனிலிருந்து என்று கூப்பிட்டுப் பார்க்காதே. தெரியாத எண் எதையும் நான் எடுப்பதில்லை.

ஒரு சாமான் விஷயமாக எழுதுகிறேன். உன்னை விட்டால் எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. இதை எழுதுவதற்கே எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

நான் இருக்கும் அறையில் மேசை என்று இருப்பது இஸ்திரி போடும் பலகை அகலம்தான். என் பழைய கம்ப்யூட்டர் உன் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அது கிடக்கட்டும். இங்கே மேசைக்கு ஏற்றமாதிரி செருப்பு வாங்கும் அட்டைப்பெட்டி அளவில் ஒரு கேபினட் வாங்கி, கடைக்காரரையே எல்லாம் மாட்டித் தரச் சொன்னேன். லேப்டாப் வாங்கேன் என்று ஆரம்பிக்காதே. வாங்கிப் பார்த்தேன், அதன் ஃபேன் இன்னும் மோசம், திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்தச் சின்னப் பெட்டியின் பவர் சப்ளை சத்தம் போடுகிறது. பெரிய சத்தமில்லை. தெருவில் வண்டி போனால் கேட்காது. ஆனால் என் மைக் அதற்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. என் வேலை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பக்கம், நம் மொழி பேசும் நோயாளி ஒரு பக்கம், நடுவில் போனில் நான். சொன்னது காதில் விழவில்லை என்று ஒருவர் மருந்தைத் தப்பாக விழுங்கினால் பாவம் யாருக்கு? பின்னால் ரீங்காரம் கேட்கிறது என்று இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மேலதிகாரி அம்மாள் மிகத் தன்மையாகத்தான் சொன்னார். இன்னொரு புகார் வந்தால் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவாராம்.

எந்த பவர் சப்ளை வாங்கினால் சத்தம் வராது? அதை மட்டும் எழுது. அம்மாவோடு வாரம் தவறாமல் பேசுகிறேன், அதனால் அவளைப் பற்றி நீ எனக்கு எழுத வேண்டாம். அந்த விஷயத்தைப் பற்றி எழுதவே வேண்டாம்.

உன் தங்கை

பிப்ரவரி 9

அடியே ஊமைக்கோட்டான்,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், உட்கார்ந்து படித்தேன், அப்புறம் அம்மா பார்க்காத இடமாகப் போய் இன்னொரு தரம் படித்தேன். உன் குரல் அதில் அப்படியே இருக்கிறது. "அதை மட்டும் எழுது." என்ன அதிகாரம்! மூன்று மாதமாக ரேடியோவை அணைத்து வைத்துவிட்டு, இப்போது செய்தி மட்டும் வேண்டும், பாட்டு வேண்டாம் என்கிறாய்.

சரி, முதலில் சாமான். நான் பவர் சப்ளை சோதிக்கிறவள். டாக்டர் மாதிரி. நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதமாட்டேன். நீ கேள்விக்குப் பதில் சொல். சத்தம் தாழ்ந்த "ம்ம்ம்" மாதிரியா, இல்லை கூர்மையாகக் காதைக் குத்துகிறதா? எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா? முக்கியமாக இதைச் செய்து பார்: திரையில் நீளமான பக்கம் ஒன்றைத் திறந்து, மவுஸ் சக்கரத்தை வேகமாக உருட்டு. அப்போது சத்தத்தின் சுருதி மாறுகிறதா என்று கேள். உனக்கு இருக்கிற காதுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

எங்கள் கம்பெனியில் சத்தம் அளக்கும் அறையில் இப்போது என்னைப் போட்டிருக்கிறார்கள். சுவர் முழுக்கக் கூர் கூராகப் பஞ்சு. கதவைச் சாத்தினால் நம் எச்சில் விழுங்குவதே நமக்குக் கேட்கும். உள்ளே யாரும் பேசக் கூடாது. என்னை அங்கே அனுப்பியதில் மொத்த ஆபீஸுக்கும் எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நீ எழுத வேண்டாம் என்றதை எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் எனக்கு வெடித்துவிடும்.

அன்று டாக்டர் இந்த ஊர் மொழியில் சொன்னது நமக்கு இரண்டு பேருக்கும் புரிந்தது, அம்மாவுக்குப் புரியவில்லை. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்து, "என்னடி சொல்றாரு?" என்றாள். நான், "வயசாகுதில்ல, மாத்திரை போதும்ங்கறாரு" என்றேன். டாக்டரிடம், அம்மா யோசித்துச் சொல்வதாகச் சொல்கிறார் என்றேன். ஆமாம், இரண்டு பக்கமும் பொய்தான். நீ பக்கத்து நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் குத்திக்கொண்டிருக்கிறது.

ஆனால் நீ யோசித்துப் பார். அப்பா ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவர் நடந்து வரவில்லை. அன்றையிலிருந்து டிவியில் அந்த வார்த்தை வந்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அவளிடம் எப்படி நான் அதைச் சொல்வேன்? வீட்டுக்கு வந்து நீ, "சொல்லு, இல்லன்னா நான் சொல்றேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாய். "நீ சொல்லி அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது உன் தலையிலதான்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டாய்.

அடுத்த தேதி ஏப்ரல் 18. அதற்குமேல் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறைக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். அம்மா, "கால்ல சக்கரமா கட்டியிருக்க?" என்கிறாள்.

கேள்விகளுக்குப் பதில் எழுது.

ரேடியோ

பிப்ரவரி 15

அக்கா,

சத்தம் கூர்மை. எவர்சில்வர் தட்டை நகத்தால் கீறுகிறபோது பல் கூசுமே, அதை வெகு தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி. எப்போதும் இருக்கிறது. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் சுருதி ஏறி இறங்குகிறது. நீ சொன்ன பிறகுதான் கவனித்தேன். இப்போது அதைத் தவிர வேறு எதுவுமே காதில் விழமாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் கேட்கிற மாதிரி இருக்கிறது. ரொம்ப நன்றி.

இதைத் தவிர அதன் ஃபேன் வேறு திடீர் திடீரென்று புறப்பட்டு நிற்கிறது. ஃபேனே இல்லாத ஒன்று, அல்லது ஓடவே ஓடாத ஒன்று சொல். எனக்கு முழு அமைதி வேண்டும்.

மற்றதற்கு வருகிறேன், நீதான் ஆரம்பித்தாய்.

எங்களுக்கு வேலைக்குச் சேரும்போதே சொல்லித்தருகிற விதி இது. "அவர் வலிக்குதுன்னு சொல்றார்" என்று சொல்லக்கூடாது. "எனக்கு வலிக்குது" என்றே சொல்ல வேண்டும். டாக்டர் "நான்" என்றால் நானும் "நான்". அறையில் யார் எது பேசினாலும் அதை அடுத்தவருக்குச் சொல்லியாக வேண்டும். பொய் என்று எனக்குத் தெரிந்தாலும் பொய்யை அப்படியே சொல்ல வேண்டும். திருத்துவதற்கும் மறைப்பதற்கும் நான் யார்? தெரிந்தவர்கள் யாராவது நோயாளியாக வந்தால், முதலில் அதை அறிவித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். ஏன் தெரியுமா? பாசம் இருப்பவர்களுக்கு இந்த வேலை வராது. நீ அன்று செய்து காட்டினாயே, அதனால்தான்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியும் எங்கள் பட்டியலில் இருக்கிறது. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மேசைமேல் ஒரு போனை வைத்திருப்பார்கள். பகலில் நம் மொழிக்கு நானும் இன்னொரு பெரியவரும் மட்டும்தான். அவர் வந்திருந்தால் அம்மாவுக்கு அன்றே எல்லாம் தெரிந்திருக்கும். நீ கேட்கவில்லை. "எங்கம்மாவுக்கு நான் இருக்கேன்" என்று மார்தட்டினாய்.

அம்மா போனில் ஒவ்வொரு வாரமும், "மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்னு டாக்டரே சொல்லிட்டாருடி" என்கிறாள். நான் "ம்" என்கிறேன். ஊருக்கெல்லாம் உண்மையைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன், பெற்ற தாய்க்கு "ம்". உன் வார்த்தை என் வாயையும் கட்டிவிட்டது. உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் அதற்குத்தான், பெட்டியைக் கட்ட வைத்ததற்கு இல்லை.

கேபினட்டின் மாடலையும் உள்ளே இருக்கும் சாமான்களையும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பவர் சப்ளை பெயரை எழுது.

பிப்ரவரி 21

குட்டி,

திட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கு அப்புறம் வருகிறேன். இப்போது என் தொழில்.

நீ சொன்னது ஃபேன் சத்தமே இல்லை. உள்ளே செம்புக் கம்பிச் சுருள் இருக்கும், அது அதிர்கிறது. கம்ப்யூட்டரின் வேலை கூடிக் குறையும்போது சுருதியும் மாறும். அதனால்தான் மவுஸை உருட்டச் சொன்னேன். இந்தக் குறையை விளம்பரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரே மாடலில் ஒன்று வாயைத் திறக்காது, அடுத்தது கத்தித் தீர்க்கும். நம் இரண்டு பேர் மாதிரி.

அடுத்தது, முழு அமைதி வேண்டும் என்று அடம் பிடிக்காதே. ஃபேன் நின்று நின்று ஓடுகிற வகையை எல்லோரும் விழுந்தடித்து வாங்குகிறார்கள். படம் பார்க்கிறவர்களுக்கு அது சரி. உனக்குச் சரிவராது. சும்மா இருக்கும்போது சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, டாக்டர் முக்கியமான வார்த்தையைச் சொல்லும் நேரம் பார்த்து "விர்" என்று புறப்படும். காதுக்கு உறுத்துவது சத்தமல்ல, சத்தம் மாறுவதுதான். மெதுவாக, ஒரே சீராக ஓடிக்கொண்டே இருக்கிற ஃபேனைக் காது மறந்துவிடும். உன் மைக்கும் அதை வடிகட்டிவிடும்.

சின்னதிலேயே மிகச் சின்னதாக வாங்கிவிடாதே. அதில் ஃபேன் தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். அதே காற்றைத் தள்ள அது தலைதெறிக்கச் சுற்ற வேண்டும், கொசு மாதிரி கத்தும். உன் கேபினட்டில் அதற்கு அடுத்த அளவு நுழையும், அளவெல்லாம் பார்த்துவிட்டேன். உன் கம்ப்யூட்டர் நூறு வாட்டைக் கஷ்டப்பட்டுத்தான் தாண்டும், ஆனாலும் நானூற்றைம்பது வாட் போதுமா என்று கேட்டால் போதும், முன்னூறு போதுமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். பாரம் குறைவாக இருந்தால் சூடாகாது, சூடாகாவிட்டால் ஃபேன் அவசரப்படாது.

பெயரை எழுதி நீ கடைக்குப் போனால் கத்துகிற ஒன்று உன் தலையில் விழும். அதனால் நானே அனுப்புகிறேன். அலமாரியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பஞ்சு அறைக்குள் எடுத்துப்போய், காதை வைத்துக் கேட்டு, நல்லதாக ஒன்றைப் பொறுக்கினேன். கருவி சொன்னதையும் பார்த்தேன், ஆனாலும் என் காதுக்கும் திருப்தியாக இருக்க வேண்டும் அல்லவா? கேபிள்கள் அடி அட்டைக்குக் கீழே இருக்கும், பார்த்து எடு.

மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தபோது நீ எழுதியதுதான் மண்டைக்குள் ஓடியது. பாசம் இருப்பவர்களுக்கு இந்த வேலை வராது. ஏண்டி, பாசம் ஒரு குறையா?

அம்மா இப்போது மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறாள். அங்கே பார்க்க எதுவும் இல்லை, எதிர்வீட்டுச் சுவர்தான். மூச்சு வாங்குவது எனக்குத் தெரியக்கூடாதாம். நானும் பக்கத்தில் நின்று சுவரைப் பார்க்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுவரைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம்.

அக்கா

மார்ச் 4

அக்கா,

பார்சல் வந்தது. பெட்டிக்குமேல் "இதை எறிந்து விளையாடாதீர்கள்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். தபால்காரர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார்.

பாசம் குறையில்லை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். வேலைக்கு வருகிறேன்.

நேற்று ஓர் அழைப்பில் டாக்டர் பாதியில் நிறுத்தி, "அங்கே என்ன சத்தம்?" என்று கேட்டார். பக்கத்து அறையில் மராமத்து என்று சொல்லிவிட்டேன். பார், நானும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் புகார் எழுதினாரா இல்லையா என்று தெரியவில்லை. போன் அடித்தால் மேலதிகாரி அம்மாளா என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, அன்று நானே பிரித்து மாட்டப்போகிறேன். கடைக்காரரிடம் போனால் ஒரு வாரம் உட்கார வைத்துவிடுவார், அதற்குள் வேலை போய்விடும்.

உன் பெட்டியில் வந்த கேபிள்கள் விறைப்பாக இருக்கின்றன, நீளமும் அதிகம். இந்தச் சின்ன கேபினட்டுக்குள் அவற்றை மடித்துத் திணித்தால் மூடி மூடவில்லை. நல்லவேளையாகப் பழைய பவர் சப்ளையின் கேபிள்களும் கழற்றி மாட்டுகிற வகைதான். கடைக்காரர் அவற்றை உள்ளே வளைத்து நெளித்து அழகாகக் கட்டி வைத்திருக்கிறார். அதன் முனையை உன் பவர் சப்ளையில் செருகிப் பார்த்தேன், "டக்" என்று கச்சிதமாக உட்கார்ந்தது. ஆகவே பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டு, பவர் சப்ளையை மட்டும் மாற்றப்போகிறேன். பாதி வேலை மிச்சம்.

ஹார்ட் டிஸ்க்கில்தான் என் சொற்களஞ்சியம் முழுக்க இருக்கிறது. எந்த நோய்க்கு, எந்த உறுப்புக்கு அம்மா மாதிரி ஒருவருக்குப் புரிகிற வார்த்தை எது என்று வேலைக்கு வந்த நாளிலிருந்து சேர்த்தது. வேறெங்கும் பிரதி இல்லை, ஞாயிறு முடிந்ததும் எடுக்க வேண்டும்.

ஒருவேளை நன்றாக வேலை செய்தால், நன்றி. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

மாட்டாதே மாட்டாதே மாட்டாதே

இந்தக் கடிதம் உனக்கு இன்றைக்குக் கிடைக்காது என்று தெரியும், ஆனால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. உன் கடிதம் நேற்றே வந்திருக்கிறது. அம்மா அதைக் கரண்ட் பில்லோடு சேர்த்து வைத்துவிட்டாள். இப்போதுதான் பிரித்தேன். உன் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன், தடை. பக்கத்து வீட்டு போனிலிருந்து அடித்தேன், நீ எடுக்கவில்லை. நீ எவ்வளவு பிடிவாதக்காரி என்று அவர்களுக்கும் இப்போது தெரியும்.

பழைய கேபிளை மாட்டக் கூடாது குட்டி. முனை பொருந்துவதுதான் வினையே. துளை பல கம்பெனிகளில் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் எந்தத் துளையில் எந்த மின்சாரம் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போகும். சுவிட்சைப் போட்ட நொடியில் ஹார்ட் டிஸ்க் கருகிவிடும், கூடவே உன் சொற்கள் எல்லாம். நான் அந்தக் கேபிள்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். ஃபேனைப் பற்றி அவ்வளவு பேசினேன், இதைச் சொல்லவில்லை. எங்கள் ஆபீஸில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால் உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

என் குரலைக் கேட்டால் நீ வைத்துவிடுவாய், அதனால் அம்மாவைக் கூப்பிட்டு அவளுடைய போனைக் கையில் கொடுத்திருக்கிறேன். எதிரில் நின்று உன் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறாள். "என்னடி சொல்லணும், மெதுவா சொல்லு, எனக்கு ஒண்ணும் புரியல" என்கிறாள். நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள். இப்போது மணி அடிக்கிறது

எடு குட்டி

மார்ச் 12

அக்கா,

எடுத்தேன்.

அந்த நேரம் மூடியைக்கூடப் போட்டுவிட்டேன். பின்பக்கம் ஒயரைச் செருகி, சுவிட்சில் விரல் வைத்திருந்தபோது அம்மாவின் போன். வழக்கமாக அவள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதில்லை. கை அப்படியே நின்றது. அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏய், உங்கக்கா சொல்லச் சொன்னா. பழைய ஒயரை மாட்டாதே. டக்குனு உக்காரும், ஆனா உள்ள வேற கரண்டு. அஞ்சு போற எடத்துல பன்னெண்டு போகும். தட்டு எரிஞ்சுபோயிடும். எந்தத் தட்டுன்னு எனக்குத் தெரியல, அவ தட்டுன்னுதான் சொன்னா. புது ஒயரைத்தான் மாட்டணுமாம். அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்புறம், உங்கக்கா இங்க நின்னு அழுதுட்டிருக்கா. அதைச் சொல்லச் சொல்லல, நானா சொல்றேன்" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். மூடியைக் கழற்றி, பழைய கேபிள்களையெல்லாம் உருவி வெளியே எறிந்துவிட்டு, உன்னுடைய விறைத்த கேபிள்களோடு மல்லுக்கட்டினேன். விரல் இரண்டு இடத்தில் கிழிந்தது. மூடியின்மேல் முழங்காலை வைத்து அழுத்தித்தான் மூட முடிந்தது. சுவிட்சைப் போட்டேன். ஓடவில்லை என்றே நினைத்தேன், அவ்வளவு அமைதி. திரையில் வெளிச்சம் வந்த பிறகுதான் நம்பினேன். என் சொற்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பிரதியும் எடுத்துவிட்டேன்.

மேலதிகாரி அம்மாள் ஒலியைச் சோதிக்கப் போனில் கூப்பிட்டார். "வீடு மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். என் பெயர் பட்டியலில் இருக்கும். அதற்கு உனக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். நல்லபடியாக நன்றி சொல்லிவிட்டு இதை முடித்திருக்கலாம்.

முடியவில்லை. நான்கு நாளாக ஒன்றை நினைத்து நினைத்து அறைக்குள்ளேயே நடக்கிறேன். அம்மாவுக்கு வோல்ட்டும் தெரியாது, டிஸ்க்கும் தெரியாது. இருந்தும் நீ சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை, மாற்றவில்லை. எதிரில் நீ அழுததைக்கூட விடவில்லை. தனக்குப் புரியாததையே அவள் எனக்கு அப்படியே கொண்டுவந்து சேர்த்தாள். நீ உனக்கு நன்றாகப் புரிந்ததை அவளிடம் மாற்றிச் சொன்னாய்.

என் ஹார்ட் டிஸ்க் எரிந்துவிடும் என்று தெரிந்ததும் பக்கத்து வீடு வரைக்கும் ஓடினாய். அவள் நெஞ்சுக்குள் இருப்பதை அவளிடம் சொல்ல ஏன் ஓடவில்லை? அவள் பயந்துவிடுவாள் என்கிறாய். நானும்தான் பயந்தேன், தரையில் உட்கார்ந்தேன், அப்புறம் எழுந்து ஒயரை மாற்றினேன். அவளுக்கும் எழுந்து மாற்றத் தெரியும் அக்கா. தெரியாமல் இருப்பதால்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஏப்ரல் 18க்கு முன்னால் நீ சொல்லிவிடு. இனி இதைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

ஏப்ரல் 19

குட்டி,

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஆத்திரம் வந்தது. உன்மேல் கொஞ்ச நாள், அப்புறம் என்மேல். அம்மாவிடம் சொல்லத்தான் தினமும் வாயைத் திறந்தேன். "என்ன?" என்பாள். "தண்ணி குடிச்சியா?" என்பேன். ரேடியோ என்று பெயர் வைத்தீர்கள், வேண்டிய ஸ்டேஷன் மட்டும் எடுக்கவே இல்லை.

நேற்று ஆஸ்பத்திரி வரவேற்பில் நின்று, "எங்கம்மாவுக்கு மொழிபெயர்க்க ஆள் வேணும், போன்ல. நான் பேசமாட்டேன்" என்று சொன்னேன். அந்தப் பெண், "நீங்க மகள்தானே, உங்களுக்கு ரெண்டு மொழியும் தெரியுமே?" என்று கேட்டாள். "தெரியும், அதுதான் பிரச்சினை" என்றேன்.

மேசைமேல் போனை வைத்தார்கள். இரண்டு பேரில் ஒருவர் என்று நீ எழுதியிருந்தாயே. அந்தப் பெரியவர்தான் வர வேண்டும் என்று ஒரு மனம், நீதான் வர வேண்டும் என்று ஒரு மனம். உன் குரல் வந்தது. உன் மொழிபெயர்ப்பாளர் எண்ணைச் சொல்லி, வணக்கம் சொன்னாய். டாக்டர் அம்மாவின் பெயரைச் சொன்னதும் நின்றாய். அப்புறம் விதிப்படி இரண்டு மொழியிலும் அறிவித்தாய்: "இந்த நோயாளியை எனக்குத் தெரியும். நான் விலகிக்கொள்ள வேண்டும்." வேறு ஆள் கிடைக்க மதியம் ஆகிவிடும் என்றார் டாக்டர். நோயாளிக்குச் சம்மதமா, போனில் பேசுகிறவர் அவருக்குத் தெரிந்தவர்தானா என்று கேட்டார். நீ அம்மாவிடம் அதைக் கேட்டாய், "உங்களுக்கு" என்று மரியாதையாக.

நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அம்மா போனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, டாக்டரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு இவங்க யாருன்னே தெரியாது. ஆனா நல்லா தெளிவா பேசறாங்க. இவங்களே பேசட்டும்" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

நீ அதை அப்படியே டாக்டரிடம் சொன்னாய். "எனக்கு இவங்க யாருன்னே தெரியாது." பெற்றவள் சொன்ன பொய்யை, பெற்ற பெண், ஒரு எழுத்து பிசகாமல்.

அதற்கப்புறம் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். நான் "மாத்திரை" என்று சொன்ன இடத்தில் நீ "ஆபரேஷன்" என்றாய். அம்மா கையை மடியில் கோத்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. "உள்ள போனா திரும்பி வருவேனா?" என்று கேட்டாள். நீ டாக்டரிடம், "நான் திரும்பி வருவேனா?" என்றாய். உன் குரலில் அதைக் கேட்டதும் எனக்கு உலகமே நின்றுவிட்டது. பெரும்பாலானவர்கள் வந்துவிடுகிறார்கள், சத்தியம் செய்ய என்னால் முடியாது, இன்னும் தள்ளிப்போட்டால் நிச்சயம் ஆபத்து என்றார் அவர். நீ எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அம்மா கோத்த கையைப் பிரித்தாள். அப்புறம், "சரி, பண்ணிடலாம். ஆனா ரெண்டு பொண்ணுங்களும் சண்டை போடாம வாசல்ல உக்காந்திருக்கணும். அதையும் இவர்கிட்ட சொல்லுங்க" என்றாள். நீ அதையும் சொன்னாய்! பாவம் அந்த மனிதர், என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

குட்டி, அறைக்குள் போனதிலிருந்து வெளியே வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் சபதம் என்னால் கெடக் கூடாது என்று கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் காதெல்லாம் உன் குரலுக்குப் பின்னால்தான் இருந்தது, தொழில் புத்தி. அங்கே ஒன்றுமே இல்லை. ரீங்காரம் இல்லை, விர் இல்லை. நான் பொறுக்கிய பெட்டி உன் மேசையில் வாயை மூடிக்கொண்டு இருந்தது. பெருமையாக இருந்தது என்று சொன்னால் அடிக்க வருவாய்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "என்னை என்ன சின்னக் குழந்தைன்னு நெனச்சியா?" அதற்கப்புறம் பேச்சில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். ஆக இப்போது என்னோடு பேசாதவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டீர்கள். மே 6 ஆபரேஷன். எனக்குப் பயமாக இருக்கிறது குட்டி. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 24

அக்கா,

அன்று அழைப்பு முடிந்ததும் மேலதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன், நோயாளி என் அம்மா என்று. அவர் பதிவை எடுத்து முழுதும் கேட்டார். நான் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "நீங்க அறிவிச்சீங்க, அவங்க தெரியாதுன்னுட்டாங்க. நான் என்ன எழுதறது?" என்று காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "ரொம்பச் சுத்தமான ஒலி. உங்க பக்கம் ஒண்ணுமே இல்ல. அந்தப் பக்கம்தான் ஒரு இடத்துல ஏதோ சத்தம்" என்றார்.

எனக்கு அது அன்றே கேட்டது. அம்மா "திரும்பி வருவேனா" என்று கேட்டபோது, நான் அதை டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால். யாரோ கைக்குட்டைக்குள் அழுதார்கள். ரொம்ப மெதுவாக, மூச்சை இழுத்து அடக்கி. பழைய பவர் சப்ளையாக இருந்திருந்தால் அந்த ரீங்காரத்தில் எனக்கு அது கேட்டிருக்கவே கேட்டிருக்காது. நீ பொறுக்கிப் பொறுக்கி அனுப்பிய பெட்டிதான் உன்னைக் காட்டிக்கொடுத்தது. அதைக் கேட்ட பிறகு அடுத்த வரியைச் சொல்ல எனக்கு என்ன பாடு பட வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியாது. பாசம் இருப்பவர்களுக்கு இந்த வேலை வராது என்று எழுதினேன். வருகிறது, ஆனால் அதைச் செய்துவிட்டு அன்று வேறு அழைப்பு எதையும் எடுக்க முடியவில்லை.

அம்மா உன்னோடு இரண்டு நாளில் பேசிவிடுவாள். நேற்று போனில், "அவ சரியா சாப்பிடல, நான் கேட்டேன்னு சொல்லாதே" என்றாள். இதோ சொல்லிவிட்டேன். என் தொழில் அப்படி.

மே 2 வருகிறேன். ஆபரேஷன் முடிந்து அம்மா மாடிப்படி ஏறும்வரை அங்கிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிவிட்டேன். கம்ப்யூட்டரைத் தோள்பையில் போட்டே தூக்கி வந்துவிடலாம், சின்னப் பெட்டிதானே. மேசையில் செருப்புப் பெட்டி அளவு இடம் ஒழித்து வை.

நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை, உண்மைதான். ஆனால் அழுகையும் குரல்தான் அக்கா. நான் கேட்டுவிட்டேன். ஆகவே சபதம் அன்றே போய்விட்டது, இனி அதைக் காப்பாற்றி என்ன பயன்? உன் எண்ணைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். புதன்கிழமை இரவு போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த அறையில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை.

எனக்கும் பயமாக இருக்கிறது. பேசு.